காட்டில் முட்டை, கடலில் இரை

ஆர்ச் கேப் சுரங்கப்பாதையின் வாயிலில் ஒரு பொத்தான் இருக்கிறது. சைக்கிளில் வருகிறவர் அதை அழுத்தினால் பலகையில் விளக்குகள் மின்னத் தொடங்கும். உள்ளே சைக்கிள் போய்க்கொண்டிருக்கிறது என்று பின்னால் வரும் வண்டிகளுக்கு அது சொல்லும். அழுத்தினேன். விளக்கு மின்னுவதைப் பார்த்தேன். பிறகும் நகர மனம் வரவில்லை. மரம் ஏற்றிய லாரி ஏதாவது வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டேன். மூடுபனி மரங்களிலிருந்து மழைபோல் சொட்டும் சத்தம் மட்டும்தான் கேட்டது. மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு மிதித்தேன்.

உள்ளே நுழைந்ததும் ஒலிகள் மாறிவிட்டன. செயினின் கிறீச்சு, ஈரத் தரையில் டயர் உருளும் ஓசை, என் மூச்சு, மூன்றும் சுவரில் மோதி என்னிடமே திரும்பி வந்தன. பாதித் தூரத்தில் பின்னால் ஓர் உறுமல். சுரங்கத்துக்குள் சின்னக் கார்கூட லாரிபோல ஒலிக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. விரல்கள் வலிக்கும் அளவுக்கு ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தேன். அந்த வண்டி என்னை முந்தவே இல்லை. நான் வெளிச்சத்துக்கு வரும்வரை பின்னாலேயே நிதானமாக வந்து, வெளியே வந்த பிறகு ஒதுங்கிக் கடந்து போனது. ஒரு சிறிய நீலக் கார். ஓட்டியவர் ஜன்னல் வழியாகக் கையை உயர்த்திக் காட்டினார். இரண்டாம் நாள் அது. அதுவரை, திரும்பிப் போய்விடலாமா என்ற எண்ணம் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. அதன் பிறகு வரவில்லை.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், கொலம்பியா ஆறு பசிபிக்கில் கலக்கும் இடத்தில் அஸ்டோரியா என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஜூன் கடைசியில் கிளம்பினேன். கடலோரமாகவே தெற்கே வந்து, கலிபோர்னியாவின் ரெட்வுட் காடுகளைக் கடந்து, லெகெட் மலையேறி மறுபடியும் கடலுக்கு இறங்குவது திட்டம். ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர், பதினெட்டு நாட்கள். பெரும்பகுதி 101ஆம் எண் நெடுஞ்சாலை. உடன் யாரும் இல்லை.

இந்தக் கரையில் சைக்கிள் ஓட்டுபவர்கள் பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கேதான் வருவார்கள். கோடையில் காற்று வடமேற்கிலிருந்து வீசும், முதுகைத் தள்ளிவிடும். இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் செல்லும். தெற்கே போகிறவருக்குக் கடல் வலப்பக்கம் வரும். நடுவில் எதிர் வரிசை வண்டிகள் இல்லை. நினைத்த இடத்தில் காலை ஊன்றி நின்று பார்க்கலாம்.

நான் நின்ற இடங்களுக்குக் கணக்கே இல்லை. அதற்கு இந்த மாநிலத்தின் சட்டங்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஆரிகனின் கடற்கரை மணல் முழுவதையும் பயன்படுத்தப் பொதுமக்களுக்கு உரிமை உண்டு. 1913இல் ஆளுநர் ஆஸ்வால்ட் வெஸ்ட் கடற்கரையைப் பொது நெடுஞ்சாலையாக அறிவிக்க வைத்தார். 1967இல் வந்த கடற்கரைச் சட்டம் ஈரமணலுக்கு மேலே உள்ள காய்ந்த மணலிலும் மக்களின் உரிமையைக் காத்தது. நெடுஞ்சாலைப் பணத்தில் குறைந்தது ஒரு சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் செலவிட வேண்டும் என்று 1971இல் இன்னொரு சட்டம் வந்தது. சாலையின் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே எனக்கென்று ஒரு முழ அகலம் கிடைத்த இடங்களில் எல்லாம் அந்த ஒரு சதவீதத்தை நினைத்துக்கொண்டேன். கோட்டுக்கு வெளியே ஒன்றுமே இல்லாத இடங்களில் இன்னும் அதிகமாக நினைத்துக்கொண்டேன்.

இரவுகளுக்கும் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. மாநிலப் பூங்காக்களின் முகாம்களில், நடந்தோ சைக்கிளிலோ வருபவர்களுக்கு மட்டும் என்று ஒரு மூலையை ஒதுக்கியிருக்கிறார்கள். முன்பதிவு தேவையில்லை. காரில் வருகிறவர்கள் மாதக்கணக்கில் முன்னால் பதிவு செய்து வரும் அதே பூங்காவில், மாலை ஆறு மணிக்கு வேர்த்து விறுவிறுத்து வந்து சேருகிறவருக்கு ஒரு மேசையும் கூடாரம் போட ஒரு மண்தரையும் கிடைத்துவிடும். உடம்பின் களைப்பை மதித்துச் செய்த ஏற்பாடு இது.

தனியாகவா என்று எல்லோரும் கேட்டார்கள். கிளம்பும் முன்னால் கேட்டவர்கள் பயத்தை மனத்தில் வைத்துக் கேட்டார்கள். எனக்குப் பயம் சுரங்கத்தோடு பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. தீராதது மாலை நேரம். பகல் முழுவதும் சாலை துணைக்கு இருக்கும். மேடு வந்தால் மேட்டோடு பேசலாம். கூடாரம் போட்டு, அடுப்பை மூட்டி, சாப்பாட்டை எடுத்து வைத்தால், எதிரில் காலியான பெஞ்சு. அப்போதுதான் அந்தப் பறவை வந்தது.

மூன்றாம் நாள், கேப் லுக்அவுட்டில். ஸ்டெல்லர் ஜே என்று பெயர். அடர்நீல உடல், கறுத்த தலை, கோபத்தில் சிலிர்த்ததுபோல் ஒரு கொண்டை. மேசையின் ஓரத்தில் வந்து உட்கார்ந்து, தலையை ஒருபக்கம் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் என் ரொட்டியைப் பார்த்தது. ஒரு துணுக்கைக் கிள்ளி வைத்தேன். எடுத்துக்கொண்டு பறந்தது, திரும்பி வந்தது. மறுபடியும் வைத்தேன். இப்படியே அரை மணி நேரம். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். அடுத்தடுத்த முகாம்களிலும் ஜேக்கள் வந்தன, ஒவ்வொரு மாலையும் அவற்றுக்கென்று ரொட்டியில் ஒரு பங்கை எடுத்து வைத்தேன். அதை ஒரு நட்பு என்றே நினைத்தேன். இதற்கு மறுபடியும் வருவேன்.

நெஸ்கோவின் கடற்கரைக்கு நீர் வற்றும் நேரம் பார்த்துப் போய்ச் சேர்ந்தேன். மணலில் கறுத்த கட்டைகள் நிற்கின்றன. தூரத்தில் பார்த்தால் பழைய படகுத்துறையின் கால்கள் என்று தோன்றும். கிட்டே போனால் வேரோடு நிற்கும் மரங்களின் அடிப்பாகம். சிட்கா ஸ்புரூஸ் மரங்கள், ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமை. நிலநடுக்கத்தில் தரை சட்டென்று தாழ்ந்து, கடல் உள்ளே வந்து, காட்டின் காலை மணலும் சேறும் மூடிவிட்டன என்பது புவியியலாளர்கள் தரும் விளக்கம். 1997-98 குளிர்காலப் புயல்கள் மணலை வாரிக்கொண்டு போன பிறகுதான் இவை இவ்வளவு தெளிவாக வெளியே தெரிந்தன. ஒரு கட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தேன். மேல்பகுதி முழுக்கக் கொட்டலசுகள் என்ற ஓட்டுடைய கடலுயிர்கள், கையைக் குத்தின. கொஞ்சம் கீழே, அவை ஒட்டாத ஓர் இடத்தில், மர ரேகை இன்னும் இருந்தது. நகத்தால் தொட்டால் ஈர மரம்தான்.

வழியெங்கும் சுனாமி அபாயப் பகுதி இங்கே தொடங்குகிறது, இங்கே முடிகிறது என்று நீல நிறப் பலகைகள் வருகின்றன. சாலை இறங்கும்போது ஒன்று, ஏறும்போது ஒன்று. 2004 டிசம்பர் 26ஐ நினைவில் வைத்திருக்கும் நமக்கு அந்தச் சொல் வெறும் எச்சரிக்கைப் பலகை அல்ல. 1700 ஜனவரி 26 அன்று இந்தக் கரையின் முன்னால் கடலடியில் ஏறத்தாழ 9 அளவிலான நிலநடுக்கம் நிகழ்ந்தது. தேதி இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், நிலம் அதிராமலே வந்த ஒரு பேரலையைப் பசிபிக்கின் மறுகரையில் ஜப்பானியர்கள் எழுதி வைத்திருந்ததுதான். இந்தப் பக்கத்துப் பழங்குடி மக்களின் கதைகளும் நிலம் ஆடியதையும் கடல் ஏறியதையும் சொல்லி வந்திருக்கின்றன. ஒவ்வோர் இறக்கத்திலும் அந்தப் பலகையைக் கடக்கும்போது, அடுத்த மேடு எவ்வளவு தூரம் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது.

நியூபோர்ட்டின் யாக்வினா வளைகுடாப் பாலத்தை எதிர்பார்த்ததைவிட எளிதாகக் கடந்தேன். 1936இல் கட்டி முடித்த பாலம். காண்டே மெக்கல்லோ என்ற பொறியாளர் இந்தக் கரையில் கட்டிய பெரிய பாலங்களில் ஒன்று. அவை வரும்வரை ஒவ்வொரு கழிமுகத்திலும் தோணிக்குக் காத்திருக்க வேண்டியிருந்ததாம். அழகான பாலங்கள். மேலே காற்று அடிக்கும்போது அழகைப் பார்க்க முடியாது.

கேப் பெர்பெச்சுவாவில் ஒரு முழு நாள் சைக்கிளைத் தொடவில்லை. அங்கே காட்டுக்குள் நடந்தபோது, விழுந்து கிடந்த ஒரு ஸ்புரூஸ் மரத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். என் மார்பளவு பருமன். மேலே பாசி, கைவிரல் மூழ்கும் தடிமன். அந்தப் பாசியில் வரிசையாக ஸ்புரூஸ் கன்றுகள். சிலது சுண்டுவிரல் உயரம், சிலது என் இடுப்பு வரை. தரையில் புதர்களோடும் பாசிகளோடும் போட்டியிட முடியாத விதைகளுக்கு விழுந்த மரம் மேடை ஆகிறது. தாதி மரம் என்ற பொருளில் இங்கே அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கன்றுகளின் வேர்கள் கட்டையின் இருபுறமும் வழிந்து தரையைத் தேடி இறங்கியிருந்தன. நூறு நூறு ஆண்டுகளில் தாதி மரம் மட்கிக் கரைந்துவிடும். கன்றுகள் பெரிய மரங்களாகி, ஒரே நேர்கோட்டில், வேர்க்கால்களுக்கு அடியில் வெற்றிடத்தோடு நிற்கும். அப்படி நிற்கும் மரங்களையும் கொஞ்ச தூரத்திலேயே பார்த்தேன். அந்த வெற்றிடத்துக்குள் தலையை நுழைத்துப் பார்த்தேன். இல்லாமல் போன ஒரு மரத்தின் வடிவம் அங்கே அப்படியே இருந்தது.

அந்தக் காட்டில் ஒரு பறவை பாடியது. சுழன்று சுழன்று மேலே ஏறும் குரல். ஸ்வெயின்சன் திரஷ். சால்மன்பெர்ரி பழுக்கும் பருவத்தில் பாடுவதால் சால்மன்பெர்ரிப் பறவை என்றும் சொல்வார்கள். சாலையோரப் புதர்களில் அந்த ஆரஞ்சு நிறப் பழங்கள் கிடைத்தன. மேட்டில் மூச்சு வாங்கும்போது நிற்பதற்கு ஒரு நல்ல காரணம்.

ஃபுளோரன்ஸ் தாண்டி மணற்குன்றுகளின் பக்கம் பின்சக்கரம் காற்று இறங்கியது. டியூபை மாற்றினேன். எட்டுக் கிலோமீட்டரில் மறுபடியும் இறங்கியது. அப்போதுதான் உறைத்தது, டியூபை மாற்றினேனே தவிர டயரைத் தேடவில்லை. பைகளை எல்லாம் கழற்றி, சைக்கிளைக் கவிழ்த்து, டயரின் உட்பக்கத்தை விரல் நுனியால் அங்குலம் அங்குலமாகத் தடவினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. பழைய டியூபின் ஓட்டையை வால்விலிருந்து அளந்து, டயரில் அதே தூரத்தில் வளைத்துப் பார்த்தேன். மயிரிழை போன்ற ஓர் எஃகுக் கம்பித் துண்டு. வெடித்த லாரி டயர்களிலிருந்து சாலையோரம் சிதறிக் கிடப்பது அது. நகம் வெட்டியால் பிடித்து இழுத்தேன். அரிசியின் பாதி நீளம்தான் இருக்கும். பஞ்சர் ஒட்டி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. உதவிக்கு யாரும் இல்லை என்பது அன்று எனக்குக் குறையாகத் தோன்றவில்லை. தேடினால் கிடைக்கும் என்று தெரிந்துகொள்ள அவ்வளவு நேரம் எனக்குத் தேவைப்பட்டது.

கூஸ் பே, பேண்டன், கோல்ட் பீச், புரூக்கிங்ஸ். காற்று நன்றாகத் தள்ளியது, நாட்கள் வேகமாகப் போயின. கலிபோர்னியாவில் கிரசென்ட் சிட்டி, 1964இல் அலாஸ்கா நிலநடுக்கம் அனுப்பிய பேரலை தாக்கிய ஊர். அங்கே ஓர் இரவு. மறுநாள் காலை, ரெட்வுட்.

ரெட்வுட் என்றால் நம் செம்மரம் இல்லை. உலகில் இன்று உயிரோடு இருக்கும் மரங்களில் இதைவிட உயரமான இனம் கிடையாது. 101ஆம் நெடுஞ்சாலையை விட்டு நியூட்டன் டுரூரி சாலையில் திரும்பியதும் லாரிச் சத்தம் நின்றுபோனது. பெரிய வண்டிகளின் போக்குவரத்து வெளியே புறவழியில் போய்விடுகிறது. 16 கிலோமீட்டர் மரங்களுக்கு நடுவே. அந்தத் தூரத்தைக் கடக்க எனக்கு ஏறக்குறைய நாலு மணி நேரம் ஆனது. ஒரு மரத்தின் அடியில் சைக்கிளைச் சாய்த்தேன். பட்டையின் ஒரு பிளவுக்குள் ஹேண்டில்பாரின் முனை நுழைந்துகொண்டது. அந்தப் பட்டை 30 செண்டிமீட்டர் வரை தடிக்கும். தீ மூண்டாலும் உள்ளே எளிதில் போவதில்லை. வேர் ஆழம் குறைவு. பக்கவாட்டில் பரவி, அடுத்த மரத்தின் வேரோடு பின்னிக்கொண்டு நிற்கிறது. ஆதிக்காட்டில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான் வெட்டுக்குத் தப்பி மிஞ்சியிருக்கிறது. 1968இல் தேசியப் பூங்கா ஆக்கும்போதே பெரும்பகுதி போய்விட்டிருந்தது.

எல்க் பிரெய்ரி முகாமில் கூடாரம் போட்டேன். மேசையில் சாப்பாட்டை வைத்ததும் ஜே வந்தது. கை தானாக ரொட்டியைக் கிள்ளியது.

அடுத்த கூடாரத்தில் அறுபது வயது தாண்டிய ஒரு பெண்மணி இருந்தார். அவரும் தனியாகச் சைக்கிளில் வந்தவர். எழுந்து வந்து, "அதை வைக்காதீர்கள், தயவுசெய்து" என்றார். அதட்டல் இல்லை, வேண்டுகோள். பிறகு என் எதிரில் இருந்த காலிப் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார்.

மார்பிள்ட் மர்ரெலெட் என்று ஒரு கடற்பறவை. நம் கையளவுதான் இருக்கும். வாழ்வது கடலில், உண்பது கடல் மீன். ஆனால் முட்டையிட இந்த முதிய காட்டுக்குள் வரும். கூடு கட்டாது. மிக உயரத்தில், பாசி படிந்த அகலமான கிளையில் ஒரு சிறு குழிவு போதும். அப்படிப்பட்ட கிளை உருவாக ஒரு மரத்துக்கு நூற்றாண்டுகள் தேவை. ஒரே ஒரு முட்டை. விடியலிலும் அந்தியிலும் கடலிலிருந்து மீனைக் கவ்விக்கொண்டு பறந்து வரும், சில இடங்களில் 80 கிலோமீட்டர் வரைகூட. மரம் வெட்டியவர்கள் இருட்டில் அதன் குரலைக் கேட்டிருக்கிறார்கள். என்ன பறவை என்று தெரியாமல் மூடுபனி வானம்பாடி என்று பெயர் வைத்தார்கள். முதன்முதலாக ஒரு மரத்தில் அதன் குஞ்சைக் கலிபோர்னியாவில் கண்டது 1974இல்தான், மரத்தில் ஏறி வேலை செய்யும் தொழிலாளி ஒருவர் தற்செயலாக. 1992இல் இந்த மாநிலங்களில் அதை அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலில் சேர்த்தார்கள்.

"அதன் முட்டையைத் தின்பவற்றில் முக்கியமானது இது" என்று அந்த நீலப் பறவையைக் காட்டினார். முகாம்களில் சிந்தும் துணுக்குகளால் ஜேக்கள் பெருகுகின்றன. ஜேக்கள் பெருகும் இடத்தில் முட்டை தப்புவதில்லை.

மேசையில் ஒட்டியிருந்த அறிவிப்பு அதைத்தான் சொன்னது. துணுக்கு சிந்தாதீர்கள் என்று. ஏழெட்டு முகாம்களில் நான் ஆசையாகக் கிள்ளிக் கிள்ளிப் போட்டது நினைவுக்கு வந்தது. என் தனிமைக்குத் துணை தேடியதற்கு எந்தக் கிளையில் எந்த முட்டை விலை கொடுத்ததோ, கொடுக்கப்போகிறதோ. அவர் எதிரில் எனக்குப் பேச்சு வரவில்லை. உலகின் மிக உயரமான மரமான ஹைப்பீரியனும் இந்தப் பூங்காவில்தான் இருக்கிறது. 2006இல் கண்டறிந்த அந்த மரத்தைப் பார்க்க வந்தவர்கள் அடிநிலத்தை மிதித்துப் பாழாக்கியதால் அங்கே போகவே 2022இல் தடை போட்டார்கள். வந்தவர்கள் எல்லோரும் அந்த மரத்தை நேசித்தவர்கள்தாம்.

"காலையில் சீக்கிரம் எழுந்திருக்க முடியுமா?" என்று கேட்டார்.

விடிவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் இருவரும் புல்வெளியின் ஓரத்தில் நின்றோம். மூடுபனியில் எல்க் மான்கள் கறுப்பு உருவங்களாக மேய்ந்தன. காலணி நனைந்தது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, மேற்கிலிருந்து, தலைக்கு மிக உயரத்தில், "கீர்... கீர்." கூர்மையான, கடற்கரையில் மட்டும் கேட்டுப் பழகிய ஒரு குரல், மரங்களுக்கு மேலே. திரும்பிப் பார்ப்பதற்குள் அது கிழக்கே போய்விட்டது. மூன்று முறை கேட்டேன். ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அவர் என் முழங்கையைத் தொட்டு, குஞ்சைப் பற்றி மெதுவாகச் சொன்னார். புறப்படும் நாள் வரும்வரை தன் மென்தூவியைப் போர்த்திக்கொண்டே இருக்குமாம், அந்தப் பாசியின் நிறத்தில். கடைசி ஓரிரு நாளில் அதைத் தானே பிடுங்கி எறிந்துவிட்டு, ஓர் அந்தியில், தாய் தந்தை இல்லாமல், ஒருமுறைகூடப் பறந்து பழகாமல், நேராகக் கடலுக்குப் பறக்குமாம்.

இரண்டு நாள் கழித்து, ஸூமெக் பூங்காவின் பாறை விளிம்பில், கீழே கடலில் இரண்டு சிறிய பறவைகள் அருகருகே மிதப்பதைப் பார்த்தேன். மூழ்கின. காத்திருந்தேன். வேறோர் இடத்தில் இரண்டும் சேர்ந்தே எழுந்தன. என்னிடம் தொலைநோக்கி இல்லை. அவைதாம் என்று நம்புகிறேன்.

அதன் பிறகு மூடுபனியைச் சலித்துக்கொள்ளவில்லை. இங்கே கோடையில் மழை அபூர்வம். கடல் அனுப்பும் மூடுபனியை இந்த மரங்களின் இலைகள் சீப்பு வாரியதுபோல் வாரிச் சொட்ட வைக்கின்றன. வடக்குக் கலிபோர்னியாவின் ரெட்வுட் காடு ஒன்றில் செய்த ஆய்வில், ஆண்டின் மொத்த நீர்வரவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படிச் சொட்டியது என்று கண்டார்கள். என் கூடாரத்தை நனைத்து, தூக்கப்பையை ஈரமாக்கி, இரவில் என்னை நடுங்க வைத்தது கடல் காட்டுக்கு ஊட்டிக்கொண்டிருந்த நீர்.

யுரேகா நகரைக் கடந்து, ஈல் ஆற்றின் ஓரமாக 50 கிலோமீட்டர் நீளும் ஜயன்ட்ஸ் அவென்யூ. அங்கே 1991இல் விழுந்த டயர்வில் ஜயன்ட் என்ற மரம் கிடக்கிறது, ஏறத்தாழ 110 மீட்டர். வேர்ப்பக்கத்திலிருந்து அதன் நெடுக நடந்தேன். மேலே கன்றுகள் முளைத்திருந்தன.

லெகெட்டில் 101ஆம் சாலையை விட்டு 1ஆம் எண் சாலைக்குத் திரும்பினால் மலை. உச்சி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர். பதினெட்டு நாட்களாக எல்லோரும் எச்சரித்த ஏற்றம். மிகச் சிறிய கியரில், வளைவுக்கு வளைவு, இரண்டு மணி நேரம். கால்கள் பழகியிருந்தன. ஏறுவது சிரமமாக இருந்தது, அவ்வளவுதான். இறக்கம் காட்டுக்குள்ளேயே சுழன்று சுழன்று போனது. இன்னொரு சிறு மலை. அதுவும் முடிந்தபோது மரங்கள் விலகின, முகத்தில் உப்புக்காற்று அடித்தது, கீழே கடல்.

வெஸ்ட்போர்ட்டுக்கு அருகே பாறை மேட்டில் கடைசி முகாம். புல்லும் காற்றும்தான். மர்ரெலெட் முட்டையிடக்கூடிய மரம் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒன்றுகூட இல்லை, ஜேயும் வரவில்லை. சாப்பிட்டு முடித்து, ரொட்டி உறையை மடித்துப் பையில் வைத்தேன். மேசைப் பலகையின் இடுக்கில் சில துணுக்குகள் விழுந்திருந்தன. விரலை நாக்கில் நனைத்து, ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்து, வாயில் போட்டுக்கொண்டேன்.